5 அடி ரோட்டவேட்டரைத் தனி ஆளா மாட்ட, பிளேடு மாத்த: ஸ்டாண்டும் ட்ராலியும் நாமே செஞ்சா என்ன இரும்பு போடணும்?

மீஞ்சூர்_நஞ்சை

வணக்கம். ட்ராக்டர் மாஸி 241. பின்னாடி 5 அடி ரோட்டவேட்டர் (பிளேடு சுத்தி மண்ணைக் கிளறுற கருவி), 36 பிளேடு, கம்பெனித் தகட்டுல 400 கிலோன்னு அடிச்சிருக்குது. அது போக ஒரு 9 கலப்பை (ஒம்பது கொழு வெச்ச கல்டிவேட்டர்). நவரைப் பட்டத்துக்கு முன்னாடி ரெண்டையும் மாத்தி மாத்தி மாட்டணும். ஷெட்டுல பெரும்பாலும் ஒரே ஆளுதான்.

ஷெட்டுத் தரை பாதி சிமெண்டு, தண்ணி வடியறதுக்காக லேசா சரிவு. மீதி பாதி களிமண், மழையில ஊறிக் கெடக்குது.

மூணு சாமான் செய்யணும். ரோட்டவேட்டரை மேல வெச்சுத் தள்ளி, ட்ராக்டர் லிங்க்குக்கு (பின்னாடி கருவிய மாட்டுற மூணு கைக்கு) நேரா கொண்டு வர்ற மாதிரி சக்கரம் வெச்ச ட்ராலி. பிளேடு மாத்தும்போது மெஷினைத் தாங்குற ஸ்டாண்டு. அப்புறம், கையை உள்ள விடாம லிங்க்கைப் பின்னுல ஏத்த ஒரு கொக்கி.

கையில இருக்குற சரக்கு: 50×50×6 ஆங்கிள் 12 அடி, 2 இன்ச் ஜி.ஐ. பைப்பு 10 அடியில மூணு, 12 எம்.எம். டி.எம்.டி. கம்பித் துண்டுங்க, கார் கத்தரி ஜாக்கி ஒண்ணு, 2 டன் பாட்டில் ஜாக்கி ஒண்ணு, 200 ஆம்ப் வெல்டிங் மெஷின்.

இந்தப் பக்கம் நிறைய ஷெட்டுல ஹைட்ராலிக்ல தூக்கிட்டு, அடியில ரெண்டு ஹாலோ பிளாக் சொருகி பிளேடு மாத்துறாங்க. அதை எவ்வளவு நம்பலாம்? இன்னொண்ணு, டாப் லிங்க் (நடுவுல மேல இருக்குற கை) திருகு துருவேறி இறுகிடுச்சு. கடப்பாரை போட்டுத் திருப்பலாமா?


சாத்தங்காடு_வெல்டர்

ஹாலோ பிளாக் வேணவே வேணாங்க. அது சுவர்ல வரிசையா, முழுப் பரப்புலயும் பாரம் பரவுற மாதிரி உக்கார்ற கல்லு. ஸ்கிட்டு (ரோட்டவேட்டரோட ரெண்டு ஓரத்துலயும் அடியில இருக்குற சறுக்குத் தகடு) மாதிரி ஒல்லியான இரும்பு அதோட நடுவுல உக்காந்தா, விரிசல்கூட காட்டாம ஒரே நொடியில பொடியாகிடும். செங்கல்லும் அதே கதிதான். மரக்கட்டை அப்படி இல்ல, நசுங்கும், முனகும், நகர்றதுக்கு நேரம் கொடுக்கும். அவசரத்துக்கு ஸ்டாண்டு இல்லன்னா ரயில்வே ஸ்லீப்பர் மாதிரி கெட்டிக் கட்டைய ரெண்டு ரெண்டா குறுக்கும் நெடுக்கும் அடுக்குங்க. அடுக்கோட உயரம் கட்டையோட நீளத்தைத் தாண்டக் கூடாது. உருட்டுச் சவுக்கு வேணாம், உருண்டுடும்.

இப்ப ஸ்டாண்டு. பலம் பத்துமான்னுதான் எல்லாரும் யோசிக்கிறாங்க. 45 செ.மீ. உயரத்துக்கு 50×50×6 ஆங்கிள்ல நாலு கால் போட்டா 400 கிலோவுக்கு நசுங்கவே நசுங்காது. ஸ்டாண்டு விழுறது எப்பவும் சாஞ்சிதான். ஸ்பேனரை ஒரு பக்கம் இழுக்கும்போது மெஷின் நகரும், அப்ப அடி குறுகலா இருந்தா கவுந்துடும். அதனால அடி அகலம் உயரத்துக்குக் குறையக் கூடாது. உயரம் 45 செ.மீ., அடி 50×50 செ.மீ. காலுங்க மேல சேர்ந்து கீழ விரியணும். நாலு பக்கமும் 40×5 பட்டையில ஒரு குறுக்குக் கம்பி.

தலையில 100 எம்.எம். சி சேனல் 30 செ.மீ. துண்டு, வாய் மேல பார்த்த மாதிரி. ஸ்கிட்டு அந்தத் தொட்டிக்குள்ள உக்காரும், பக்கவாட்டுல வழுக்காது. தட்டையா ஒரு பிளேட்டு மட்டும் வெச்சா எண்ணெய் பட்ட இரும்பு மேல இரும்பு வழுக்கும். உங்க ஸ்கிட்டோட அகலத்தை டேப் வெச்சு அளந்துட்டு சேனல் எடுங்க. ஸ்கிட்டுத் தகடு தேஞ்சு மெலிஞ்சிருந்தா அது மேல பாரத்தை விடாதீங்க, சைடு பிளேட்டோட அடி விளிம்பையே சேனல்ல உக்கார வைங்க.

ஒரு ஸ்டாண்டுக்கு காலுக்கு 2 மீட்டர், அடிச் சட்டத்துக்கு 2 மீட்டர், ஆக 4 மீட்டர் ஆங்கிள் போகும். ரெண்டுக்கும் 8 மீட்டர். உங்ககிட்ட இருக்குற 12 அடி பாதிக்குக்கூட வராது. சாத்தங்காடு மார்க்கெட்டுல ஒரு முழு நீளம், அதாவது 6 மீட்டர் எடுத்தா கணக்கு சரியாகிடும். மீட்டருக்கு நாலரைக் கிலோ, 27 கிலோ வரும். முடிஞ்ச ஸ்டாண்டு ஒண்ணு ஏறக்குறைய 25 கிலோ இருக்கும், ஒரு ஆள் தூக்கலாம்.

வெல்டிங்ல கவனிக்க வேண்டியது: மொதல்ல எல்லா மூலையிலயும் புள்ளி மட்டும் வைங்க. சமதரையில நிறுத்தி ஆட்டிப் பாருங்க. ஒரு கால் தூக்கிட்டு நின்னா அப்பவே தட்டிச் சரி பண்ணலாம், முழு வெல்டு ஓட்டின பிறகு முடியாது. 3.15 எம்.எம். ராடு போதும், துருவையும் பெயிண்டையும் கிரைண்டர்ல வெள்ளை இரும்பு தெரியற வரைக்கும் எடுத்துடுங்க. மேல அழகா தெரிஞ்சு உள்ள ஒட்டாத வெல்டுதான் இந்த வேலையில பெரிய எதிரி.

செஞ்சு முடிச்சதும் சோதனை இல்லாம அடியில கை வைக்காதீங்க. ரெண்டு ஸ்டாண்டையும் 4 அடி தள்ளி வெச்சு, குறுக்க கெட்டிப் பலகை போட்டு, 16 சிமெண்டு மூட்டை அடுக்குங்க. 800 கிலோ. ஒரு ராத்திரி அப்படியே விட்டுட்டு, காலையில ஒவ்வொரு வெல்டு ஓரத்தையும் டார்ச் அடிச்சுப் பாருங்க. முடி மாதிரி கோடு தெரிஞ்சாலும் அறுத்துட்டு மறுபடி போடணும்.

டி.எம்.டி. கம்பிய எந்த இடத்துலயும் பின்னா போடாதீங்க. மேல வரி வரியா இருக்குறதால ஓட்டையில பாதி இடத்துலதான் படும், அங்க தேய்மானமும் வெட்டும் விழும். பின்னு கடையில வாங்குறதுதான், ஈ.என்.8 மாதிரி கெட்டி எஃகுல செஞ்சது. அதே மாதிரி லிஞ்ச் பின் (பின்னு கழண்டு வராம பூட்டுற வளையப் பின்) இருக்க வேண்டிய எடத்துல ஆணி, வளைச்ச வெல்டிங் ராடு வெச்சு ஓட்டாதீங்க. சின்ன விலையில கெடைக்கிற சாமான் அது. ஆனா நீங்க கேட்ட கொக்கிக்கு டி.எம்.டி. தாராளமா போதும். 3 அடி நீளம், ஒரு முனையில வளைவு, மறு முனையில கைப்பிடி. லிங்க் ஆர்மை இழுக்க மட்டும்தான், மெஷினை நெம்ப இல்ல.


செங்குன்றம்_மெக்கானிக்

வெல்டர் அண்ணன் சொன்னதோட இதையும் சேத்துக்கங்க. ட்ராக்டரோட ஹைட்ராலிக் தூக்குற சாதனம், தாங்குற சாதனம் இல்ல. தூக்கி நிக்கிற பாரத்தை சிலிண்டருக்குள்ள இருக்குற எண்ணெயும் சில ரப்பர் சீலும்தான் பிடிச்சிருக்குது. எஞ்சின் நின்னிருந்தாலும் லீவர் மேல ஒரு கை பட்டா, ஒரு பையன் ஏறி விளையாடினா, மெஷின் கீழ வரும். சீல் தேஞ்சிருந்தா யாரும் தொடாமலே மெதுவா எறங்கும். அதனால தூக்கு, ஸ்டாண்டை வை, லீவரை எறக்கி முழுப் பாரத்தையும் ஸ்டாண்டு மேல விடு. ஸ்டாண்டுக்கும் மெஷினுக்கும் நடுவுல இடைவெளி விட்டுட்டு 'பாதுகாப்புக்கு வெச்சிருக்கேன்'னு சொல்றது பலபேர் பண்றது. அது விழுந்து மோதுறதுக்கு வெச்ச கல்லு மாதிரிதான்.

பிளேடு மாத்தும்போது லிங்க்கைக் கழட்டாதீங்க. ரெண்டு ஸ்டாண்டு பக்கத்துக்கு ஒண்ணா தாங்கும், ஆனா மெஷின் முன்ன பின்ன ஊஞ்சல் மாதிரி சாயும். மூணு லிங்க்கும் மாட்டியிருந்தா ட்ராக்டரே அந்தச் சாய்வைத் தடுக்கும். ஹேண்ட் பிரேக், முன் பின் சக்கரத்துக்குக் கட்டை, பி.டி.ஓ. (எஞ்சின் சுழற்சிய கருவிக்குக் கொடுக்குற தண்டு) லீவர் ஆஃப், எஞ்சின் ஆஃப், சாவி உங்க பாக்கெட்டுல.

இப்ப மாட்டுற வரிசை. வண்டிய நேரா பின்னாடி எடுத்து, லிங்க் பந்துக்கும் ரோட்டவேட்டர் பின்னுக்கும் நடுவுல ஒரு ஜாண் இருக்கும்போதே நிறுத்திடுங்க. சீட்டுல உக்காந்துதான் லீவரைத் தொடணும். கீழ எறங்கி, ரெண்டுக்கும் நடுவுல நின்னுக்கிட்டு, கையை நீட்டி லீவரை ஆட்டுறதாலதான் கால் போகுது, இடுப்பு போகுது.

எடது லிங்க் மொதல்ல. அதோட உயரத்தை நிமிஷத்துல மாத்த வழியில்ல, அதனால அதை வெச்சுத்தான் மத்ததைப் பொருத்தணும். அடுத்து வலது, லெவலிங் கைப்பிடியச் சுத்தி உயரத்தைக் கொண்டு வாங்க. கடைசியா டாப் லிங்க், அதுக்கப்புறம் பி.டி.ஓ. ஷாஃப்ட்டு. கழட்டும்போது அப்படியே தலைகீழா: ஷாஃப்ட்டு, டாப் லிங்க், வலது, எடது. பின்னு விரல்ல தள்ளினா போகணும். சுத்தியல் கேக்குதுன்னா அது மேல இன்னும் பாரம் இருக்குதுன்னு அர்த்தம். அந்த நிலையில தட்டி எடுத்தா, எடுத்த நொடியில மெஷின் துள்ளும். லெவலிங் கைப்பிடிய அரைச் சுத்து கூட்டியோ கொறச்சோ பாருங்க, பின்னு தளர்ற எடம் ஒண்ணு கண்டிப்பா இருக்கும்.

பின்னு சைஸும் பாருங்க, லிங்க்கோட அளவை கேட்டகிரின்னு பிரிச்சிருக்காங்க. கேட்டகிரி 1 கீழ் பின்னு 22 எம்.எம்., டாப் லிங்க் பின்னு 19. கேட்டகிரி 2ல 28, 25. 28 ஓட்டையில 22 பின்னைப் போட்டு ஓட்டுறவங்க இருக்காங்க. ஒவ்வொரு வரப்பு ஏறும்போதும் இடிச்சு இடிச்சு பந்து உடையும். அதுக்குன்னே புஷ் விக்குது, அதைப் போடுங்க.

பி.டி.ஓ. ஷாஃப்ட்டு பத்தி யாரும் கேக்கல, ஆனா ட்ராக்டர் மாத்தி மாட்டும்போது அதுதான் மொதல்ல போகும். முழுசா நீளுற நிலையில உள் பைப்பு வெளிப் பைப்புக்குள்ள குறைஞ்சது 15 செ.மீ. இருக்கணும். முழுசா சுருங்குற நிலையில இன்னும் 3 செ.மீ. போக எடம் மிச்சம் இருக்கணும். அந்த எடம் இல்லன்னா தூக்கும்போது ஷாஃப்ட்டு முட்டி, கியர் பாக்ஸ் பேரிங்கை உடைச்சிடும். எஞ்சினை நிறுத்தி நிறுத்தி, நாலஞ்சு உயரத்துல அளந்து பாருங்க. ரெண்டு முனை யோக்கும் (கவை மாதிரி இருக்குற முனை) ஒரே வாட்டத்துல இருக்குதான்னும் பாத்துடுங்க, கழட்டி மாட்டும்போது ஒரு பல்லு மாறினாக்கூட உதறும்.


சோழவரம்_உழவு

பாட்டில் ஜாக்கி 2 டன் தாங்கும்னு போட்டிருக்குதே. 400 கிலோவுக்கு ரெண்டு பக்கமும் அதையே வெச்சிட்டா ஸ்டாண்டு செலவு மிச்சம்தானே?


சாத்தங்காடு_வெல்டர்

இல்லீங்க. ஜாக்கியோட தலை 3 செ.மீ. வட்டம் கூட வராது. அதுக்கு மேல மெஷின் லேசா நகர்ந்தா தண்டு சாயும், சாஞ்ச தண்டு தெறிச்சு ஓடும். உள்ள இருக்குற சீலும் ட்ராக்டர் சீல் மாதிரிதான், எறங்கும். ஜாக்கிய ஒரு வேலைக்கு மட்டும் வைங்க: ஒரு பக்கத்தை ரெண்டு மூணு செ.மீ. உசத்தி பின்னு ஓட்டையை நேர் பண்ண. உசத்த உசத்த பக்கத்துலயே கட்டைய வெச்சுக்கிட்டே வரணும். ஜாக்கி நழுவினாலும் மெஷின் ஒரு செ.மீ.க்கு மேல விழக் கூடாது. கார் கத்தரி ஜாக்கி வேணாம், பக்கவாட்டு ஆட்டத்துக்கு அது தாங்காது.

ட்ராலி இப்ப சொல்றேன், மேல விட்டுப் போச்சு. 75 எம்.எம். சி சேனல்ல நீள்சதுரச் சட்டம். நீளம் உங்க ஸ்கிட்டு ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவோ அவ்வளவு, அகலம் உள்ளுக்குள்ள 65 செ.மீ. நடுவுல குறுக்குக் கம்பி போடாதீங்க, பிளேடுங்க அங்கதான் தொங்கணும். ரெண்டு ஓரத்துலயும் ஸ்டாண்டுல சொன்ன மாதிரி வாய் மேல பார்த்த 100 எம்.எம். சேனல். முன் சட்டத்து மேல மெஷினோட பார்க்கிங் காலுக்கு ஒரு தட்டு.

பாரம் ஸ்கிட்டு மேலதான் உக்காரணும், பிளேடு மேல இல்ல. காரணம்: பி.டி.ஓ. கழட்டிட்டா ரோட்டர் சுத்தும். பிளேடுங்க பலகை மேல நின்னா, ட்ராலிய நீங்க தள்ளும்போது ரோட்டர் உருண்டு மெஷின் முன்னாடி வரும். ஸ்கிட்டை ஆழம் குறைவான நிலைக்கு மாத்திட்டு ஏத்தினா, பிளேடு கீழ நீட்டுறது குறையும், தரைய உரசாது.

சக்கரம்: மெஷின் 400, ட்ராலி 50, ஆக 450 கிலோ. நாலு சக்கரம் இருந்தாலும் தரை மேடு பள்ளத்துல எப்பவும் மூணுதான் பாரத்தை வாங்கும். அப்ப ஒண்ணுக்கு 150. சின்னக் கல்லு மேல ஏறும்போது இன்னும் கூடும். 250 கிலோ தாங்குற 6 இன்ச் காஸ்டர் நாலு வாங்குங்க, பாரிமுனையில லிங்கி செட்டி தெருப் பக்கம் கெடைக்கும். நாலுமே சுத்துற வகை, பக்கவாட்டுல நகத்தத்தான் இந்த ட்ராலியே. மூலைக்கு மூலை எதிரா ரெண்டுல பிரேக்கு.

தரை சரிவுன்னு சொன்னீங்க. 50க்கு 1 சரிவுன்னாலே 450 கிலோ பாரம் 9 கிலோ விசையில தானா ஓடப் பாக்கும். பிரேக்கை மட்டும் நம்பாம, சரிவுப் பக்கம் ரெண்டு ஆப்புக் கட்டை கயித்துல கட்டி ட்ராலியிலயே தொங்க விடுங்க. இழுக்க ஒரு 4 அடி கைப்பிடி வேணும், பக்கத்துல நின்னுதான் இழுக்கணும். ட்ராக்டருக்கும் ட்ராலிக்கும் நடுவுல நிக்கவே கூடாது. ட்ராலி ஓடி வந்தா பின்னாடி போக எடம் இருக்காது.


மீஞ்சூர்_நஞ்சை

ரொம்ப நன்றி அண்ணே. 2 இன்ச் பைப்பு மூணையும் சேர்த்து போர் மோட்டார் தூக்குற மாதிரி முக்காலி பண்ணி, செயின் பிளாக் (சங்கிலி இழுத்துத் தூக்குற கப்பி) போட்டா ட்ராலிக்கு ஏத்த உதவுமா? காசிமேட்டுல படகு சாமான் விக்கிற எடத்துல பழைய ஷேக்கிளும் (பின்னு போட்ட யூ வளையம்) வயர் ரோப்பும் மலிவா கெடைக்குது.


எண்ணூர்_ரிக்கர்

முக்காலி செய்யலாம். ஆனால் ஓர் ஒழுங்கோடு செய்ய வேண்டும். ட்ராக்டர் ஹைட்ராலிக் நன்றாக இருந்தால் அதிலேயே தூக்கி, ட்ராலியை அடியில் தள்ளி, இறக்குவதுதான் எளிது. வண்டி வேறு இடத்தில் இருக்கும்போதோ லாரியிலிருந்து இறக்கும்போதோதான் முக்காலிக்கு வேலை.

கணக்கைப் பாருங்கள். 10 அடிப் பைப்பைச் செங்குத்திலிருந்து 30 டிகிரி விரித்தால் உச்சி சுமார் 2.6 மீட்டர் உயரத்தில் நிற்கும், கால்களுக்கு இடையிலும் அதே 2.6 மீட்டர். அதாவது உச்சியின் உயரமும் கால்களுக்கு இடையிலான தூரமும் ஒரே அளவு. டேப்பால் சரிபார்க்க இது நல்ல வழி. 450 கிலோ தொங்கினால் ஒவ்வொரு பைப்பும் 173 கிலோ அழுத்தம் வாங்கும். 2 இன்ச் பி கிளாஸ் (நடுத்தரக் கனம்) பைப்புக்கு அது பொருட்டே இல்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: ஒவ்வொரு காலும் 85 கிலோவுக்கு மேல் விசையுடன் வெளிப்பக்கம் தள்ளும். சிமெண்டுத் தரையில் அது வழுக்கி விரியும். மூன்று காலையும் அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் 8 எம்.எம். சங்கிலியால் சுற்றிக் கட்டாமல் பாரம் ஏற்றவே கூடாது. காலடியில் 150×150×8 தகடு பற்றவையுங்கள்.

தலைக்கு 24 எம்.எம். போல்ட், 8.8 கிரேடு, நட்டுக்கு மேல் இன்னொரு நட்டு. பைப்பில் வெறும் ஓட்டை போட்டால் மெல்லிய சுவர் கிழியும். ஓட்டையில் கெட்டியான புஷ் வைத்துப் பற்றவைத்து, அதற்குள் போல்ட் போக வேண்டும். செயின் பிளாக் 1 டன் போதும்.

செயின் பிளாக்கின் கொக்கி மெஷினின் எடை மையத்துக்கு நேர் மேலே இருக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் ஒரு கால் தூக்கும், முக்காலி கவிழும். முதலில் 5 செ.மீ. மட்டும் தூக்கி நிறுத்திப் பாருங்கள். எந்தப் பக்கம் முதலில் எழுகிறதோ அதற்கு எதிர்ப் பக்கம்தான் எடை கூடுதல், கொக்கியை அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும். பாரம் தொங்கும்போது முக்காலியின் காலை ஒவ்வொன்றாக நகர்த்தி நடத்துவது ஊரில் வழக்கமாகவே இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். முக்காலி நிற்கட்டும், ட்ராலி உள்ளே வரட்டும்.

இரண்டு கால் ஸ்லிங் (கொக்கியிலிருந்து இரண்டாகப் பிரிந்து பாரத்தைப் பிடிக்கும் தூக்குப் பட்டை) போட்டால் கோணம் முக்கியம். ஸ்லிங் படுக்கையிலிருந்து 60 டிகிரியில் நின்றால் ஒவ்வொரு காலுக்கும் 260 கிலோ. 30 டிகிரிக்குப் படுத்துவிட்டால் ஒவ்வொரு காலும் முழு 450 கிலோவையும் சுமக்கும். ஆகவே நீளமான பெல்ட் ஸ்லிங் வாங்குங்கள், 2 டன் லேபிள் தெளிவாகத் தெரிகிற பாலியஸ்டர் பெல்ட். இரும்பு விளிம்பு படும் இடத்தில் பழைய டயர் துண்டு வையுங்கள், கூர் விளிம்பில் பெல்ட் கத்தி பட்டது போல அறுபடும். நைலான் கயிறு நீளும், முடிச்சில் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஹார்டுவேர் கடை ஜி.ஐ. சங்கிலி கதவு கட்டத்தான். தூக்கும் சங்கிலியில் குறிப்பிட்ட இடைவெளிக்கு ஒரு கண்ணியில் கிரேடு 8 முத்திரை இருக்கும்.

காசிமேட்டுப் பழைய சாமான் வேண்டாம். உப்புத் தண்ணீரில் கிடந்த வயர் ரோப்பு மேலே நன்றாகவே இருக்கும், உள்ளே இழைகள் அரித்திருக்கும். ஷேக்கிளின் பின் திருகுப் பள்ளத்தில் உப்பு புகுந்து குழி விழுந்திருக்கும். பின் தொலைந்துபோனால் சாதாரண போல்ட் போட்டிருப்பார்கள், அது வளையும். டன் அளவு பொறித்த புது ஷேக்கிள்தான் வாங்க வேண்டும். ஸ்டாண்டு, ட்ராலி, கொக்கிக் கம்பி, ஆப்புக் கட்டை இவற்றை நாமே செய்யலாம். பின், ஷேக்கிள், சங்கிலி, பெல்ட், செயின் பிளாக் ஆகியவற்றைச் செய்யவும் கூடாது, பற்றவைத்துப் பழுது பார்க்கவும் கூடாது.


செங்குன்றம்_மெக்கானிக்

டாப் லிங்க் துருவுக்கு வர்றேன். எண்ணூர், மீஞ்சூர், பழவேற்காடு பக்கம் உப்புக் காத்துல இது எல்லா வண்டிக்கும் உள்ள வியாதி. கடப்பாரை வேணாம். ரெண்டு முனையும் எதிர் எதிர் மரை, ஒண்ணு வலது, ஒண்ணு எடது. ஒரு முனை மட்டும் இறுகியிருக்கும்போது நீளக் கம்பி போட்டு முறுக்கினா நடு பைப்பு முறுகும், இல்ல பந்து முனை வளையும்.

மெஷினைத் தரையில எறக்கி, லிங்க்கைத் தனியா கழட்டிடுங்க. வயர் பிரஷ்ல மரைய சுத்தம் பண்ணி, துருநீக்கி ஸ்ப்ரே அடிச்சு ஒரு நாள் நிமித்தி வைங்க, மறுநாள் திருப்பி வெச்சு அடிங்க. வைஸுல ஒரு முனையப் பிடிச்சு, நடு ஓட்டையில 2 அடிக் கம்பி மட்டும் போட்டு, முன்ன கால் சுத்து பின்ன கால் சுத்துன்னு ஆட்டி ஆட்டி எடுக்கணும். தளர்ந்ததும் கிரீஸ் தடவி, பழைய டியூப் ரப்பரை மரை மேல உறை மாதிரி இழுத்து விடுங்க. நீளம் கூட்டும்போது ரெண்டு முனையிலயும் குறைஞ்சது 5 செ.மீ. மரை உள்ள இருக்கணும். சில லிங்க்குல அதுக்குன்னு ஒரு வெட்டுக் கோடு போட்டிருப்பாங்க.

எவ்வளவு நீளம் வைக்கிறதுன்னா, வேலை ஆழத்துல ரோட்டவேட்டரோட கியர் பாக்ஸ் ஷாஃப்ட்டும் ட்ராக்டர் பி.டி.ஓ. ஷாஃப்ட்டும் ஒண்ணுக்கு ஒண்ணு இணையா இருக்கணும். அப்பதான் ரெண்டு சிலுவை ஜாயிண்டும் ஒரே கோணத்துல வேலை செய்யும், உதறல் வராது. கொத்தனார் ரசமட்டம் ஒண்ணு போதும். ட்ராக்டர் தளத்து மேல வெச்சுப் பாருங்க, அப்புறம் கியர் பாக்ஸ் மேல் முகத்துல வெச்சுப் பாருங்க, குமிழி ரெண்டுலயும் ஒரே எடத்துல நிக்கிற வரைக்கும் டாப் லிங்க்கைத் திருப்புங்க. எடம் வலம் சமத்துக்கு, ரெண்டு லிங்க் பந்துலேர்ந்தும் தரைக்கு டேப் போட்டு ஒரே அளவு வர்ற வரைக்கும் லெவலிங் கைப்பிடி.

பிளேடு மாத்துறதுல ஒரு எச்சரிக்கை. எல்லாத்தையும் கழட்டிக் குவிச்சிடாதீங்க. ஒரு பிளேடு கழட்டினா அதே எடத்துல அதே கை பிளேடு, எடதுக்கு எடது, வலதுக்கு வலது. ரோட்டர்ல பிளேடுங்க ஒண்ணுக்கப்புறம் ஒண்ணு மண்ணுல எறங்குற மாதிரி சுருளா வரிசை போட்டிருக்காங்க. அது கலைஞ்சா ரெண்டு மூணு பிளேடு ஒரே நேரத்துல மண்ணை அடிக்கும், கியர் பாக்ஸ் அதிரும். ஓரத்து ரெண்டு பிளேஞ்சுலயும் (பிளேடு மாட்டுற வட்டத் தகடு) பிளேடு உள் பக்கம் பாக்கணும். போல்ட்டு நட்டு சேர்த்துப் புதுசு போடுங்க, ஒரு மணி நேரம் ஓட்டினதும் எல்லாத்தையும் மறுபடி இறுக்குங்க.

போல்ட்டு தளர்த்தும்போது ரோட்டர் சுத்தும். அதுக்கு 2 அடி சேனல் துண்டுல ஒரு பக்கம் பிளேடு நுழையற மாதிரி வாய் வெட்டி, மறு பக்கம் சட்டத்துல முட்டுற மாதிரி ஒரு பூட்டு செஞ்சுக்கலாம். அதை எடுக்க மறந்து பி.டி.ஓ. போட்டா சேனல் பறக்கும். அதனால சிவப்பு பெயிண்டு அடிச்சு, ட்ராக்டர் சாவிய பாக்கெட்டுக்குப் பதிலா அந்தப் பூட்டுலயே கம்பியில கட்டி வைங்க. பூட்டை எடுக்காம சாவி கைக்கு வராது.


சாத்தங்காடு_வெல்டர்

ரோட்டவேட்டர் சட்டத்துல ஏதாச்சும் கொக்கியோ தட்டோ வெல்டு வைக்கணும்னா, எர்த் கிளாம்பை வெல்டுக்குப் பக்கத்துலயே மாட்டுங்க. தூரத்துல மாட்டினா கரண்டு பேரிங் வழியா போய் பந்துகளைச் சுட்டுடும். மெஷின் ட்ராக்டரோட மாட்டியிருந்தா பேட்டரி நெகட்டிவைக் கழட்டிடணும், ஆல்டர்னேட்டர் போயிடும். லிங்க் ஆர்ம் மேல மட்டும் எதையும் வெல்டு வைக்காதீங்க. அது சூடு காட்டிப் பதம் பண்ண இரும்பு, வெல்டு ஓரத்துல நொறுங்கும்.


மீஞ்சூர்_நஞ்சை

குறிச்சுக்கிட்டேன் அண்ணே. களிமண் பாதியில 9 கலப்பை நிக்கிற எடத்துக்கு என்ன பண்றது? அங்க ட்ராலி ஓடாதுன்னு புரியுது.


சாத்தங்காடு_வெல்டர்

ஓடாது, ஸ்டாண்டையும் வெறும் களிமண்ணுல வைக்காதீங்க. ஒரு ஸ்டாண்டுக்கு 200 கிலோ, நாலு காலுக்கும் 10×10 செ.மீ. தகடு போட்டாலும் சதுர செ.மீ.க்கு அரைக் கிலோ அழுத்தம். ஊறின களிமண்ணு அதுக்கே எறங்கும், நாலு காலும் ஒரே மாதிரி எறங்காது. 60×60 செ.மீ. கெட்டிப் பலகை அடியில போட்டா அழுத்தம் ஒம்பதுல ஒரு பங்காயிடும்.

கலப்பைக்கு ட்ராலி வேணாம். ரெண்டு ஸ்லீப்பர் கட்டைய தரையோட தரையா புதைச்சு, கொழு முனைங்க அது மேல நிக்கிற மாதிரி எப்பவும் அதே எடத்துல விடுங்க. மாஸ்டு (டாப் லிங்க் மாட்டுற நிமிர்ந்த சட்டம்) முன்னாடி இருக்குறதால லிங்க் கழட்டினதும் முன் பக்கம் சாயும். சட்டத்தோட முன் கம்பிக்கு அடியில ரெண்டு மூலையிலயும் ஆங்கிள்ல முட்டுக் கால் போடுங்க. அதை சட்டத்து மேல நேரா வெல்டு வைக்காம, யூ போல்ட்டுல மாட்டுங்க, உழவுக்குப் போறப்ப கழட்டி வெச்சிடலாம். காலோட உயரம், வண்டியில மாட்டி சமமா நிறுத்திட்டு அளக்குற அளவு. ஒரு செ.மீ. கூட விடுங்க, கட்டை நாளாக நாளாக எறங்கும்.